கிளச்சைக் கெடுத்தது ஹெடர்: ஹெரால்ட் சேஸியில் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் செய்த வேலை

காலையில் வெளிக்கிட்டால் கிளச் ஒழுங்காக வேலை செய்யும். யாழ் நகருக்குள் புகுந்து, கஸ்தூரியார் வீதி நெரிசலில் நின்று நின்று ஊர்ந்து, பெரியாஸ்பத்திரிப் பக்கம் வரும்போது பெடல் தொய்ந்துவிடும். முதலாம் கியர் கடகடவென்று கத்திக்கொண்டுதான் விழும். றிவேர்ஸ் விழவே விழாது. நிழலில் ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு வந்து பார்த்தால் பெடல் பழையபடி இறுக்கமாக இருக்கும். கூடவே இன்னொரு முறைப்பாடும் இருந்தது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் பின்னுக்கு ‘டப், டப்’ என்று வெடிக்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது பொனற்றுக்குள் சீறல் கேட்கும். பார்த்தவர்கள் எல்லோரும் இவற்றை இரண்டு தனித்தனி வருத்தங்களாகவே பார்த்தார்கள். கிளச்சுக்கு ஒரு விலையும், எஞ்சினில் இருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான ஹெடருக்கு ஒரு விலையும் சொன்னார்கள்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடியில் இருப்பது ட்ரயம்ப் ஹெரால்ட் 13/60. எஞ்சின் 1296 சிசி. ஹெரால்ட் 1959இல் வந்தபோது மற்றக் கொம்பனிகள் பெரும்பாலும் உடலையும் சேஸியையும் (அடிச்சட்டத்தையும்) ஒன்றாகவே அடித்துக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சேஸியோடு வந்தது. அதனால்தான் பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஹெரால்டின் துருப்பிடித்த உடலைக் கழற்றி வீசிவிட்டு, அதே சேஸியில் வேறு உடலை ஏற்றும் கிற் கார்கள் அத்தனை வந்தன. எங்களுடைய கதையும் அதுதான். உடலை உப்புக்காற்று தின்றுவிட்டது, சேஸி தப்பிவிட்டது. என் மச்சான் அதன்மேல் இரண்டு பேர் இருக்கக்கூடிய திறந்த பைபர்கிளாஸ் உடலைக் கட்டினான். படகு வார்க்கிற கைகள்தான் அந்த உடலையும் வார்த்தன. காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலைக் காலத்தில் இருந்து பைபர்கிளாஸ் எங்கள் கரையோரத்துக்குப் பழகிய பொருள். பாயை எத்தனை படை போடுவது, ரெசினை எந்த வெயிலில் கலக்கக்கூடாது என்பதெல்லாம் குருநகரில் கேட்டாலே சொல்வார்கள். உடலில் இன்றுவரை ஒரு வெடிப்பும் இல்லை. மச்சான் கனடாவுக்குப் போனபிறகு கார் என்னிடம் வந்தது. ஹெரால்டின் திருப்பு வட்டம் 25 அடிதான். எங்கள் ஒழுங்கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்சில்லு அமைப்பை நான் காணவில்லை.

எனக்கு வேலை செய்துதந்த அண்ணை, தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் உயிரோடு வைத்திருந்த ஆட்களில் ஒருவர். காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலத்தைப் பார்த்த மனிதர். அவர் பெடலை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கியர்பொக்ஸை இறக்குவம் தம்பி. பிளேற் வளைஞ்சிருக்கும், இல்லாட்டிப் போர்க் பின் தேஞ்சிருக்கும்.”

“அண்ணை, இறக்கிறதுக்கு முன்னம் கீழ் பம்ப் கோல் எவ்வளவு தள்ளுது எண்டு ஒருக்கா அளந்து பாப்பமே?”

“அதுவும் சரிதான். அடிமட்டத்தைக் கொண்டு வாரும்.”

ஹெரால்டில் கியர்பொக்ஸைக் கழற்றுவது கீழால் அல்ல. சீற்றுகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் மூடியை எடுத்து, கியர்பொக்ஸைக் காருக்குள்ளாலேயே தூக்கி வெளியே எடுக்க வேண்டும். எங்கள் காரில் அந்த மூடி உடலோடு பசைபோட்டு ஒட்டியிருக்கிறது. அதை வெட்டினால் திரும்பப் பைபர் போட வேண்டும். ஆகவே வெட்டுவதற்கு முதல் ஒரு ஆதாரம் வேண்டியிருந்தது.

பெடலை மிதித்தால் மேல் பம்ப் பிரேக் ஓயிலைக் குழாய்வழியே கீழ் பம்ப்புக்குத் தள்ளும்; கீழ் பம்ப்பின் கோல் கிளச்சை விடுவிக்கும். ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, மற்றவர் கீழ் பம்ப்பில் இருந்து வெளிவரும் கோலின் நகர்வை அடிமட்டத்தால் அளப்பதுதான் சோதனை. குளிர்ந்த எஞ்சினில் கோல் அரை அங்குலத்துக்குக் கிட்டத் தள்ளியது. கியரும் சத்தமில்லாமல் விழுந்தது. பிறகு வண்டியை நகருக்குள் ஓட்டிக் கிளச் தொய்ந்தவுடன் திரும்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் அளந்தோம். அதில் பாதிகூட இல்லை. இந்த ஒரு அளவே பாதி வழக்கைத் தீர்த்துவிட்டது. பிளேற் வளைந்திருந்தாலோ போர்க் பின் தேய்ந்திருந்தாலோ கோல் முழுதாகத் தள்ளியும் கிளச் விடுபடாமல் இருக்க வேண்டும். இங்கே கோலே தள்ளவில்லை. ஆகவே குறை பெடலுக்கும் கோலுக்கும் இடையில், அதாவது ஓயிலில் இருக்கிறது. அதுவும் சூடேறினால் மட்டும் வருகிற குறை. கியர்பொக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அண்ணையும் ஒத்துக்கொண்டார்.

இந்த எஞ்சின்காரர் யாராக இருந்தாலும் கிளச் முறைப்பாடு வந்தால் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அதையும் அப்போதே பார்த்தோம். கிளச்சை மிதிக்கும்போது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் முன்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்குவது பின் மெயின் பெயாரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட வாசர்கள் மட்டுமே. அவை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் கழன்று அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் விழும்; அதற்குப் பிறகு கிராங்க் நேரே புளொக்கைத் தின்னத் தொடங்கும். புளொக் போனால் எஞ்சின் போனமாதிரித்தான். கிராங்கின் முன்முனையில் உள்ள பெல்ட் சில்லில் டயல் கேஜை வைத்து, பெடலை மிதித்து விட்டு, நகர்வைப் பார்த்தோம். நாலில் இருந்து எட்டுத் தௌவுக்குள் (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் நிம்மதி. எங்களுடையது அதற்குள் இருந்தது. கூடுதலாக இருந்திருந்தாலும் எஞ்சினை இறக்காமல், சம்பையும் பின் பெயாரிங்கின் மூடியையும் கழற்றி வாசர்களை மாற்றலாம். அப்படி மாற்றுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: எண்ணெய்க் கோடு வெட்டிய முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும், புளொக்கை அல்ல.

இனி ஓயிலுக்கு வருவோம். பிரேக் ஓயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 தரப் பிரேக் ஓயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டொட் 4க்கு அந்த எல்லைகள் 230, 155. கடல் சூழ்ந்த குடாநாட்டில், மூடியில் காற்றுத்துளை உள்ள பழைய மேல் பம்ப்பில், வருடக்கணக்காக மாற்றாத ஓயில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொதித்த ஓயில் குமிழாகிறது; குமிழை மிதித்தால் அது சுருங்குகிறது, கோல் தள்ளாது. ஆறினால் குமிழ் திரும்ப ஓயிலாகிறது, பெடல் இறுகுகிறது. எங்களுக்கு வந்த அறிகுறி எழுத்துக்கு எழுத்து இதுதான்.

ஆனால் 140 பாகை எங்கிருந்து வந்தது? கிளச் பிரேக்கைப் போல் தானாகச் சூடேறுகிற சாதனம் அல்ல. வெளியில் இருந்து யாரோ சுட வேண்டும். தூரத்தில் பிடித்து அளக்கும் வெப்பமானியை ஓடிவந்த கையோடு கிளச் குழாயில் பிடித்தபோது, நாலாம் போர்ட்டுக்கு (எஞ்சினின் நாலாவது புகைவாய்க்கு) நேர் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் 160ஐத் தாண்டிக் காட்டியது. அதற்கு முன்னும் பின்னும் 70, 80தான். அண்ணை ரோச் லைற்றை அடித்துக் குனிந்து பார்த்தார். ஹெடரை எஞ்சினோடு பூட்டும் தகடான பிளான்ஜில், நாலாம் போர்ட்டின் கீழ் விளிம்பில் கரி விசிறிபோல் படர்ந்திருந்தது. அந்த விசிறியின் நுனி கிளச் குழாயைத் தொட்டது.

“புகை நேர குழாயில அடிக்குது தம்பி. கிளச்சைக் கொல்லுறது இதுதான்.”

‘டப் டப்’ சத்தமும் இதனால்தான். காலை எடுத்தவுடன் புகைக்குழாய்க்குள் ஒவ்வொரு அடிப்புக்கும் இடையில் வெற்றிடம் உருவாகிறது. கசிவு இருந்தால் அதனூடாக வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. எரியாத பெற்றோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கிறது. காபரேற்றரை எத்தனை தரம் ரியூன் பண்ணினாலும் இது நிற்காது.

கசிவு எங்கெங்கே என்று உறுதிப்படுத்த, பின்னால் சைலன்சர் வாயில் வீட்டுத் தூசி உறிஞ்சியின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிப் பொருத்தி, குளிர்ந்த ஹெடர் முழுக்கச் சவர்க்கார நுரையைத் தடவினோம். இரண்டு இடத்தில் நுரை பொங்கியது. ஒன்று எதிர்பார்த்த நாலாம் போர்ட். மற்றது நாலு குழாய்களும் சேரும் இடத்தில் ஒரு மயிர்வெடிப்பு. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடும்போது காதை வைத்துத் தேடிக் கையைச் சுட்டுக்கொள்வதைவிட எவ்வளவோ நல்லது.

ஹெடரைக் கழற்றியதும்தான் உண்மையான காரணம் தெரிந்தது. எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பயன்பட்ட அறிவும் இதுதான். ட்ரயம்பின் இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மனிபோல்டும் புகை வெளியேறும் மனிபோல்டும் ஒரே பக்கத்தில், கசிவைத் தடுக்கும் ஒரே காஸ்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பல இடங்களில் ஒரே ஸ்ரட், ஒரே நட், ஒரு தடித்த வாசர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமத்துகிறது. இரண்டு விளிம்பும் ஒரே தடிப்பாக இருந்தால்தான் அந்த வாசர் நேராக உட்காரும். எங்களுடைய ஹெடரின் பிளான்ஜ் உள்மனிபோல்டின் விளிம்பைவிட மெல்லியது. நட்டை இறுக்க இறுக்க வாசர் சரிந்து உள்மனிபோல்டை மட்டும் பிடித்தது; ஹெடர் சும்மா தொங்கியது. எத்தனை காஸ்கட் மாற்றினாலும் அது சில வாரங்களில் எரிந்துபோனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இந்த எஞ்சினுக்குக் கடையில் வாங்கிய ஹெடர் போடுகிறவர்களும் பொருத்த முதல் இரண்டு விளிம்பையும் வேர்னியரால் அளக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் லேத்தில் படி வெட்டிய வாசர்கள் செய்வித்தாலே போதும்.

எங்களுடையதில் வாசரோடு விட முடியவில்லை. பழைய ஹெடரின் சில துண்டுகள் நாக முலாம் பூசிய தண்ணிக் குழாய். அதை வெல்ட் பண்ணினால் முலாம் புகையாக வரும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டும் துளை துளையாகத்தான் விழும். ஆகவே புதிதாகவே கட்டினோம்.

துருப்பிடிக்காத எவர்சில்வர் குழாய் போடச் சொன்னவர்கள் பலர். உப்புக்காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் அது சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். 400 மில்லிமீற்றர் நீளமான இரும்புப் பிளான்ஜ் 300 பாகை கூடினாலே ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கிட்ட நீளும். எவர்சில்வர் என்றால் இரண்டு மில்லிமீற்றர். பக்கத்தில் தண்ணீர் ஓடிக் குளிர்ந்திருக்கும் வார்ப்பிரும்பு ஹெட் அந்த அளவுக்கு நீளாது. ஸ்ரட்டுகள் நடுவில் அகப்பட்டு வளையும். ஆகவே சாதாரண இரும்பே எடுத்தோம். பிளான்ஜ் 10 மில்லிமீற்றர் தகடு, உள்மனிபோல்டின் தடிப்புக்கே கடைசியில் மட்டமாக்கியது. குழாய் 1.6 மில்லிமீற்றர் சுவர்.

வளைவுகளில் சிலதைச் சைலன்சர் கடையில் வளைத்தே வாங்கினோம். நாலாம் போர்ட்டின் இறுக்கமான வளைவு மட்டும் கையால். மணலைச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவிட்டு, குழாய்க்குள் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டையால் அடைத்து, காஸ் சுவாலையில் சிவக்கவைத்து வளைத்தார் அண்ணை. மணலில் ஈரம் இருந்தால் நீராவி கட்டையைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும்; வறுக்காமல் இதைச் செய்யவே கூடாது. அவர் வளைத்த துண்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழாய்களைச் சேர்க்கும் முறையையும் மாற்றினோம். இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் வெடிக்கிறது. ஒன்றையும் நாலையும் ஒரு சோடியாகவும், இரண்டையும் மூன்றையும் மற்றச் சோடியாகவும் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்கினால் ஒவ்வொரு சோடிக்குள்ளும் வெடிப்புகள் சம இடைவெளியில் வரும். ஒன்றின் புகை மற்றதை முட்டாது; நடுத்தர வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். எங்கள் தெருக்களுக்கு அதுதான் தேவை.

வெல்டிங்குக்கு ஆகன் கடைக்குப் போகும்போது பழைய உடைந்த ஹெட் ஒன்றையும் கொண்டுபோனோம். பிளான்ஜை அந்த ஹெட்டில் இறுக்கிப் பூட்டியபடியே வெல்ட் பண்ணி, முழுதாக ஆறியபிறகுதான் கழற்றினோம். அப்படியும் கொஞ்சம் வளைந்தது, வளையத்தான் செய்யும். மில்லிங்கில் போட்டு முகத்தை மட்டமாக்கினோம். பிறகு போர்ட்டுகளுக்கு இடையில் பிளான்ஜை வாளால் அறுத்துப் பிரித்தோம். இப்போது ஒவ்வொரு போர்ட்டும் தன் பாட்டுக்கு விரியலாம். பழைய ஹெடரில் குழாய்கள் சேரும் இடத்தில் வந்த மயிர்வெடிப்புக்குக் காரணம் வேறு. எஞ்சின் ரப்பரில் நின்று ஆடுகிறது. பழைய ஹெடரின் கீழ்முனை சேஸியில் இரும்போடு இரும்பாகப் பூட்டப்பட்டிருந்தது. ஆடுகிற ஒன்றையும் ஆடாத ஒன்றையும் இறுகக் கட்டினால் நடுவில் இருப்பது வெடிக்கும். புதிய தாங்கியைக் கியர்பொக்ஸின் முன்கூடான பெல்லில் இருந்து எடுத்தோம். அது எஞ்சினோடு சேர்ந்து ஆடும். அதற்குப் பின்னால் போகும் சைலன்சர் முழுக்க ரப்பரில் தொங்குகிறது.

நட்டுகள் பித்தளை. இரும்பு நட் சூட்டில் ஸ்ரட்டோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த தரம் ஸ்ரட்டே முறிந்து வரும். நடுவில் இருந்து வெளியே, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஹெடரில் சுற்றும் சூட்டுத் துணியை வேண்டாம் என்றேன். அது மாரி ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்து இரும்பைச் சீக்கிரம் அரிக்கும்.

கிளச் பக்கம் வேலை சுருக்கம். குழாயை நாலாம் போர்ட்டுக்குக் கீழிருந்து எடுத்து, தீச்சுவரோடு ஒட்டி மற்ற வழியால் கொண்டுபோனோம். எந்தக் கட்டத்திலும் ஹெடருக்கு ஒரு சாணுக்குள் வராது. இடையில் ஒரு அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் காற்று ஓட இடைவெளி விட்டு. குளிர்சாதனப் பெட்டிக்காரர் பாவிக்கும் செப்புக் குழாயைச் சிலர் இதற்குப் போடுகிறார்கள். அதிர்வில் இறுகி வெடிக்கும், போடக்கூடாது. இரும்பு பிரேக் குழாயே எடுத்து, வாயை இரட்டை மடிப்பாக மடித்தோம். மரையிலும் கவனம் வேண்டும். பழைய இங்கிலாந்து வண்டிகளில் அங்குல மரை. யப்பான் வண்டிகளின் 10 மில்லிமீற்றர் மரை பார்வைக்கு அதேபோல் இருக்கும். 3/8 அங்குல நட் அந்த 10 மில்லிமீற்றர் துளைக்குள் தளர்வாகப் போய் இறுகினமாதிரிக் காட்டும், அழுத்தம் வந்தவுடன் கழன்றுவிடும்.

மேல், கீழ் இரண்டு பம்ப்புக்கும் ரப்பர் கிற் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தோம். பழைய கீழ் ரப்பர் சூட்டில் விறைத்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலையில் இருந்தது. புதியவற்றைப் பெற்றோலில் கழுவக்கூடாது, ஊதிவிடும். சுத்தமான பிரேக் ஓயிலே போதும். பெடல் கொழுவும் பின்னின் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. அதை நிரப்பித் திரும்பத் துளைத்ததில் பெடலின் வெறும் ஆட்டம் குறைந்தது. டொட் 4 நிரப்பி, கீழ் பம்ப்பின் காற்று நிப்பிள் மேற்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்துக் காற்றெடுத்தோம். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை போத்தல் ஊற்றினாலும் காற்று போகாது.

சோதனைக்கு நடுமத்தியானமாகப் பார்த்துச் சந்தைப் பக்கம் வேண்டுமென்றே ஊர்ந்தேன். பிறகு கோப்பாய், நீர்வேலி, புத்தூர் கடந்து வல்லை வெளியில் முழுதாக மிதித்து, நெல்லியடி நெரிசலில் மறுபடி நின்று, பருத்தித்துறைத் துறைமுகம் வரை. வல்லையில் காலை எடுத்தபோது பின்னால் ஒரு வெடிப்பும் இல்லை. சைலன்சரின் தாழ்ந்த உறுமல் மட்டும். துறைமுகத்தில் றிவேர்ஸைத் தள்ளினேன், சத்தமே இல்லாமல் விழுந்தது. குழாயின் மிகச் சூடான இடத்தில் வெப்பமானி 80க்குள் காட்டியது. கோலை அங்கேயே அளந்தேன். காலையில் இருந்த அதே நகர்வு. அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“கியர்பொக்ஸ் மூடியை வெட்டாமல் விட்டது நல்லதாப் போச்சு” என்றார். பிறகு, “எஞ்சின் ஆறினாப் பிறகு நட்டுகளை ஒருக்கா இறுக்கிப் பாரும், புதுக் காஸ்கட் படியும்” என்றார்.

அடுத்தநாள் விடிய, எஞ்சின் முழுதாக ஆறியிருக்க, எல்லா நட்டையும் பார்த்தேன். நாலாம் போர்ட்டில் மட்டும் கால் சுற்று ஏறியது, மற்றவை அசையவில்லை. சவர்க்கார நுரையை இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன், ஓரிடத்திலும் பொங்கவில்லை.